பெக்கன், அக்ரூட் அல்ல

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் ஐந்து வருடம் வேலை பார்த்த கூடத்தின் சுவரில் என் கையெழுத்தில் ஓர் அட்டை தொங்குகிறது. 'பெக்கன், அக்ரூட் அல்ல' என்று பட்டைப் பேனாவால் பெரிதாக எழுதியிருப்பேன். என்னை வெளியே அனுப்பியபோது அதையும் கழற்றி என் கையில் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. எழுதியவள் வேண்டாம், எழுதியது மட்டும் வேண்டும் என்றால் அது என்ன நியாயம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. பொறுமையாகச் சொல்லிப் பார்க்கிறேன். இடையில் கோபம் வந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

அது பாதாம், பிஸ்தா, முந்திரி, அக்ரூட் என்கிற வால்நட் எல்லாவற்றையும் மொத்தமாக வாங்கி, சுத்தம் செய்து, சின்னப் பாக்கெட்டுகளில் அடைத்துக் கடைகளுக்கு அனுப்பும் இடம். பெண்கள் இருபது பேருக்கு மேல் இருந்தோம். ஆளுக்கு ஓர் எவர்சில்வர் மேசை. தலையில் வலைத் தொப்பி, கையில் உறை. தட்டில் கொட்டி, கறுத்தது, பூச்சி அரித்தது, ஓடு ஒட்டியது எல்லாவற்றையும் பொறுக்கி எறிந்துவிட்டு எடை போட்டு அடைக்க வேண்டும். பாக்கெட்டின் வாயை மெஷினில் ஒட்டுவதற்கு முன் உள்ளே ஒரு சீட்டைப் போட வேண்டும். அதில் அடைத்தவளின் நம்பர் அச்சடித்திருக்கும். ஏதாவது குறை வந்தால் யார் கை என்று கண்டுபிடிக்க அந்த ஏற்பாடு. ஒவ்வொருத்திக்கும் ஒரு சீட்டுக்கட்டு. என் நம்பர் பதினேழு.

பதினெட்டு என் பக்கத்து மேசை. அவள் வெள்ளானூர்க்காரி. வெள்ளானூரிலிருந்து பஸ் பிடித்து ஆவடிக்கு வந்து, நான் பட்டாபிராமில் ஏறி வரும் அதே ரயிலில் ஏறுவாள். பெண்கள் பெட்டியில் அவளுக்கு நான் இடம் போட்டு வைத்திருப்பேன். பட்டரவாக்கத்தில் இறங்கி எஸ்டேட்டுக்குள் நடந்து போகிற வழியெல்லாம் பேச்சுதான். என்னைவிட இரண்டு வயது சின்னவள். என்னை அக்கா என்பாள். என் டிபன் பாக்ஸை என்னைக் கேட்காமல் திறக்கும் உரிமை அவள் ஒருத்திக்குத்தான் இருந்தது. என் கத்தரிக்காய்க் குழம்பு முழுக்க அவள் வயிற்றுக்குப் போகும், அவள் கொண்டுவரும் தயிர்சாதம் எனக்கு. ஜன்னலோரம் எப்போதும் ஓர் அம்மா உட்கார்ந்திருப்பார். சென்ட்ரல் பக்கம் ஏதோ ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. எங்களை உடன்பிறந்தவர்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தார். "இன்னாமா, தங்கச்சி இன்னிக்கு வர்லியா?" என்று கேட்பார். நான் திருத்தியதே இல்லை. அப்படிக் கேட்பது எனக்குப் பிடித்திருந்தது.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். சீக்கிரம் கிளம்ப வேண்டிய நாள் எல்லாப் பெண்களுக்கும் வரும். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்பார்கள், ஊரிலிருந்து மாமனார் வருவார், தண்ணீர் லாரி வருகிற நேரமாக இருக்கும். மேனேஜர் சாரிடம் கேட்டால் ஆயிரம் கேள்வி. அதனால் நாங்களே ஒரு வழி வைத்திருந்தோம். கிளம்புகிறவள் தன் சீட்டுக்கட்டைப் பக்கத்து மேசையில் வைத்துவிட்டுப் பின்பக்கக் கதவு வழியாகப் போய்விடுவாள். பக்கத்து மேசைக்காரி இரண்டு தட்டையும் அடைத்து, போனவள் பங்குக்கு அவள் சீட்டையே போட்டு, சாயங்காலம் ரிஜிஸ்டரில் அவள் கையெழுத்தையும் போட்டுவிடுவாள். இதற்கு யாரும் யாருக்கும் நன்றி சொன்னதில்லை. வெள்ளானூர்க்காரி என் கையெழுத்தை என்னைவிட நன்றாகப் போடுவாள். கடைசிச் சுழியை நான் அவசரத்தில் விட்டுவிடுவேன். அவள் விடமாட்டாள்.

ஒரு நாள் புதுச் சரக்கு வந்தது. பெட்டி முழுக்க ஆங்கிலம். மேனேஜர் சார் பிரித்து, நீளமாக, செம்பழுப்பாக இருந்த ஒரு பருப்பை எடுத்துக் காட்டி, "இதுக்குப் பேரு பீக்கன். ஃபாரின் சரக்கு. பார்த்துக் கையாளுங்க" என்றார்.

அவ்வளவுதான், கூடமே குலுங்கியது. முதல் எழுத்தைக் கேட்டதும் ஆளாளுக்கு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "ஐய, துன்ற பொருளுக்கு வெக்கிற பேரா சார் இது?" என்று வெள்ளானூர்க்காரி சத்தமாகவே கேட்டாள். சாருக்கு முகம் சிவந்துவிட்டது. "அப்போ அக்ரூட்டுன்னே சொல்லித் தொலைங்க. அதுக்குச் சொந்தம்தான் இது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்றிலிருந்து அதற்கு 'நீட்டு அக்ரூட்' என்று பெயர் விழுந்தது. இரண்டே நாளில் 'நீட்டு' உதிர்ந்துபோய் வெறும் அக்ரூட் ஆனது. விளைவு என்ன? "அக்ரூட் எட்த்துனு வா" என்று ஒருத்தி சொன்னால் இன்னொருத்தி எந்தப் பெட்டியில் கையை விடுவாள்? முதல் வாரமே யாரோ ஒரு தட்டு அக்ரூட்டை பெக்கன் பெட்டியில் கொட்டிவிட்டார்கள். ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து பொறுக்கினோம். கழுத்து போய்விட்டது. சாயங்காலம் நான் சாரிடம் போய், இதற்கு ஒரு தனிப் பெயர் இல்லாவிட்டால் தினமும் இதே கதைதான் என்றேன். "நீதான் தமிழ் படிச்சவளாச்சே, நீயே வை" என்றார்.

அஞ்சல் வழியில் தமிழ் பி.ஏ. முடித்தவள் நான். வாத்தியார் வேலைக்குப் போக நினைத்து, முந்திரி பொறுக்க வந்தேன். அது வேறு கதை. ஆனால் ஒரு சொல்லைக் கையில் கொடுத்து யோசி என்று ஒருவர் என்னிடம் சொன்னது அதுதான் முதல்முறை. வீட்டுக்குப் போய் அகராதியை எடுத்தேன். 'ஒரு வகைக் கொட்டை' என்று போட்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. என்னைப் பற்றி யாராவது கேட்டால் 'ஒரு வகைப் பெண்' என்று சொல்வது போல இருந்தது.

கொட்டை என்று சொல்லலாமா? நமக்குக் கொட்டை என்றால் புளியங்கொட்டை, மாங்கொட்டை. சதையைத் தின்றுவிட்டுத் துப்புவது. துப்புகிற பொருளுக்கு வைக்கும் பெயரை, பத்திரமாக அடைத்து அனுப்புகிற பொருளுக்கு வைக்க எனக்கு மனம் வரவில்லை. பருப்பு என்று சொன்னால் முந்திரிப்பருப்பு, பாதாம்பருப்பு வரிசையில் அழகாக உட்காரும். ஆனால் 'பெக்கன் பருப்பு' என்று ஒட்டினால் யாராவது மகராசி சாம்பாருக்கு வேகவைத்துவிடுவாள். கடலை என்றால் தெருமுனை வண்டியும் சூடான மணலும் ஞாபகத்துக்கு வந்துவிடும். முந்திரிக்கு இந்தச் சிக்கல் இல்லை. எங்கிருந்தோ வந்த மரம்தான், ஆனாலும் நம் மண்ணில் காய்த்துக் காய்த்து நம் பெயரே வாங்கிக்கொண்டது. பாதாமும் பிஸ்தாவும் வரும்போதே பெயரையும் கூடவே கொண்டுவந்தன. அக்ரூட்டும் அப்படித்தான், வடக்கிலிருந்து பெயரோடு வந்தது. பெக்கன் ஒன்றுதான் ஒன்றுமில்லாமல் வந்து நின்றது. அதற்காகப் பக்கத்தில் இருப்பவன் பெயரைத் தூக்கி அதன் தலையில் கட்டுவது சரியில்லை என்று தோன்றியது. உச்சரிப்பை மட்டும் சிரிப்பு வராதபடி கொஞ்சம் மாற்றி, 'பெக்கன்' என்று எழுதினேன். எது இல்லை என்பதையும் சொல்லிவிட்டால் குழப்பம் தீரும் என்று பக்கத்திலேயே 'அக்ரூட் அல்ல' என்று சேர்த்தேன்.

அட்டை எழுதுவது சுலபம். கைக்குப் பழக்குவதுதான் கஷ்டம். முழுசாக இருந்தால் யாரும் கண்டுபிடிக்கலாம். பெக்கன் நீளம், அக்ரூட் உருண்டை. உடைந்த தூளும் துண்டும்தான் தகராறு. இரண்டும் ஒரே நிறத்தில் இருக்கும். நான் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்டுபிடித்தேன். பெக்கனின் முதுகு வழவழவென்று இருக்கும், நீளவாக்கில் கோடு ஓடும். அக்ரூட்டில் கோடு கிடையாது, மேடும் பள்ளமுமாகச் சுருங்கியிருக்கும். வாயில் போட்டால் பெக்கன் வெண்ணெய் மாதிரி இனிக்கும். அக்ரூட்டின் தோல் அடிநாக்கில் ஒரு துவர்ப்பை விட்டுவிட்டுப் போகும்.

இதையெல்லாம் நான் முதலில் சொன்னது வெள்ளானூர்க்காரிக்குத்தான். ஒதுக்கிய துண்டுகளில் இரண்டு மூன்றைக் கைக்குட்டையில் முடிந்து எடுத்து வருவேன். ஆவடியில் அவள் ஏறியதும் கண்ணை மூடச் சொல்வேன். உள்ளங்கையில் ஒன்றை வைத்து, "இது இன்னா?" என்பேன். "தடவிப் பாரு. கோடு கீதா?" முதல் வாரம் குத்துமதிப்பாகச் சொன்னாள். பிறகு தேறிவிட்டாள். அண்ணனூர் தாண்டுவதற்குள் எத்தனை துண்டு வைத்தாலும் தப்பாமல் சொல்வாள். "நீ ஊமத்தங்கொட்டைய வெச்சாலும் கண்டுபுடிச்சிருவேன்க்கா" என்பாள். ஜன்னலோர அம்மா இந்தக் கூத்தைப் பார்த்துச் சிரிப்பார். அவர் கையிலும் ஒரு துண்டு வைத்தோம். வாயில் போட்டுக்கொண்டுவிட்டார்.

பெக்கன் வாங்கியது நகரத்தில் ஒரு கேக் கடை. சில மாதம் போனதும் அவர்களிடமிருந்து சேதி வந்தது. பதினேழாம் நம்பர் சீட்டு இருக்கிற பாக்கெட்டில் ஒரு துண்டுகூடத் தவறாக இருப்பதில்லை, முடிந்தால் எல்லாவற்றையும் அந்தக் கையே அடைக்கட்டும் என்று. மேனேஜர் சார் இதை எல்லோர் முன்னாலும் படித்தார். எனக்குத் தலை கால் புரியவில்லை. அன்றைக்கு ரயிலில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன். கூடத்தின் கோடியில் ஒரு நாற்காலி உண்டு. தரம் பார்க்கும் ஆள் உட்காருவது. அது காலியாகி வெகுநாள் ஆகியிருந்தது. தீபாவளி முடிந்ததும் எங்களில் ஒருத்தியை அதில் உட்காரவைக்கப் போவதாக முதலாளி சொல்லியிருந்தார். அது எனக்குத்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நானும் நம்பினேன். பொய் சொல்வானேன், அந்த நாற்காலியை எனக்கு அவ்வளவு வேண்டியிருந்தது. படித்த படிப்புக்கு ஒரு இடம் கிடைத்தது போல இருந்திருக்கும்.

தீபாவளி நெருக்கத்தில் பெக்கன் தீர்ந்துகொண்டே வந்தது. அடுத்த பெட்டிகள் எங்கேயோ மாட்டிக்கொண்டன. கேக் கடை அவசரப்படுத்தியது. மேனேஜர் சார் என் மேசைக்கு வந்து குரலைத் தாழ்த்தி, "துண்டுல கொஞ்சம் அக்ரூட் துண்டைக் கலந்துடும்மா. யாருக்குத் தெரியப்போகுது?" என்றார்.

"எனக்குத் தெரியும் சார்" என்றேன். "என் சீட்டுப் போட்டு அதை அடைக்க மாட்டேன்."

அவர் முறைத்துவிட்டுப் போனார். வெள்ளானூர்க்காரி பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். சாப்பிடும்போது, "இன்னாக்கா, சாரையே எதுத்துக்கினே! கெத்துதான் போ" என்று என் தொடையில் தட்டினாள். அதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் மதியம் மகளின் பள்ளியிலிருந்து போன். காய்ச்சலில் பிள்ளை வாந்தி எடுக்கிறாள், உடனே வாருங்கள் என்றார்கள். வெள்ளானூர்க்காரிதான் என் கையிலிருந்து சீட்டுக்கட்டை வாங்கினாள். "நீ மொத போக்கா. கொயந்தையப் பாரு. இங்க நான் பாத்துக்கிறேன்" என்றாள். என் பையை எடுத்துத் தோளில் மாட்டிவிட்டதும் அவள்தான். பின்பக்கக் கதவு வழியாக ஓடினேன். மகளை டாக்டரிடம் காட்டி, மருந்து கொடுத்துப் படுக்க வைத்த பிறகு அவளுக்கு போன் போட்டேன். எல்லாம் முடிந்தது, கையெழுத்தும் போட்டாயிற்று, கவலைப்படாதே என்றாள். நானும் நிம்மதியாகத் தூங்கினேன்.

பத்து நாளில் கேக் கடையிலிருந்து ஒரு போட்டோ வந்தது. யாருடைய உள்ளங்கையிலோ நாலைந்து துண்டுகள். போனின் சின்னத் திரையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, பாதிக்கு மேல் அக்ரூட். பக்கத்தில் சீட்டு. பதினேழு. ஒரு பாக்கெட் இல்லை, ஒரு நாள் அனுப்பிய மொத்தத்தையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எல்லாவற்றிலும் பதினேழு.

முதலாளி கூடத்துக்கே வந்துவிட்டார். எல்லோரும் மேசையை விட்டு எழுந்து நின்றோம். "யாரும்மா பதினேழு?" என்றார். நான் முன்னால் போனேன்.

"சார், இது நான் அடைச்சதில்லை. கலக்கச் சொன்னாங்க, நான் மாட்டேன்னு சொல்லிட்டேன். அன்னிக்கு நான் மதியமே வீட்டுக்குப் போயிட்டேன்."

"யாரு கலக்கச் சொன்னது?"

நான் மேனேஜர் சாரைப் பார்த்தேன். அவர் ஆச்சரியப்பட்டவர் போலப் புருவத்தைத் தூக்கினார். "நானா? யார் காதுல விழுந்துச்சுன்னு கேளுங்க சார்" என்றார். கேட்டார்கள். ஒருத்தியும் தலை நிமிரவில்லை. பிறகு ரிஜிஸ்டரைக் கொண்டுவரச் சொன்னார்கள். அந்தத் தேதியில், சாயங்காலக் கட்டத்தில், என் கையெழுத்து. கடைசிச் சுழியோடு.

"மதியமே போயிட்டேங்கிறே. இது யார் போட்டது?"

அப்போதுதான் நான் எங்கே மாட்டிக்கொண்டேன் என்று புரிந்தது. வழக்கத்தைச் சொன்னால் இருபது பேரையும் காட்டிக்கொடுத்ததாகும். சொல்லாவிட்டால் நான்தான் திருடி. நான் திரும்பி வெள்ளானூர்க்காரியைப் பார்த்தேன். அவளாக ஒரு வார்த்தை சொல்வாள் என்று காத்திருந்தேன். கையெழுத்து நான் போட்டது என்றுகூடச் சொல்ல வேண்டாம். அக்கா அப்படிச் செய்கிற ஆள் இல்லை என்று சொன்னால் போதும். முதலாளியும் என் பார்வை போன பக்கம் திரும்பினார்.

"நீ பக்கத்து மேசைதானே? இதுல கலந்திருக்கிறது உனக்குத் தெரியலையா?"

அவள் வலைத் தொப்பியைச் சரிசெய்துகொண்டாள். என்னைப் பார்க்கவில்லை.

"எனக்கு இன்னா சார் தெரியும்? எனக்கு ரெண்டும் அக்ரூட்டுதான். அந்த வித்யாசம்லாம் அக்காவுக்குத்தான் தெரியும்."

இந்தக் கூடத்தில் வேறு எந்தப் பொய்யைச் சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்பேன். கண்ணை மூடிக்கொண்டு ஒரு துண்டைக்கூடத் தப்பாகச் சொல்லாதவள், எனக்கு ரெண்டும் ஒன்றுதான் என்கிறாள். தெரியாது என்று சொன்னதால் அவள் தப்பித்துக்கொண்டாள். தெரியும் என்பதால் நான் மாட்டிக்கொண்டேன். அதை முதலாளியும் அப்படியே பிடித்துக்கொண்டார். "தெரியாதவங்க கலந்தா தப்பு. தெரிஞ்ச நீ கலந்தா அது வேற" என்றார். அன்றே என்னை அனுப்பிவிட்டார்கள். டிபன் பாக்ஸை எடுக்க மேசைக்குப் போனேன். என் சீட்டுக்கட்டு அங்கேதான் இருந்தது. பாதிக்கு மேல் தீர்ந்திருந்தது.

அவளுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. வீட்டில் சம்பாதிப்பவள் அவள் ஒருத்திதான். மாட்டேன் என்று சொல்லியிருந்தால் சார் அவளையும் முறைத்திருப்பார். இதையெல்லாம் என் மகள் உட்பட எல்லோரும் எனக்கு எடுத்துச் சொல்லிவிட்டார்கள். பயத்தில் கலந்தாள் என்றால் சரி, மன்னித்துவிடுவேன். ஆனால் அன்று மதியம் அவள் மேசையில் இரண்டு சீட்டுக்கட்டுகள் இருந்தன. ஒன்று பதினேழு, இன்னொன்று பதினெட்டு. கலப்படத்தை அடைக்கும்போது எந்தக் கட்டை எடுப்பது என்று ஒரு நிமிடம் அவள் யோசித்திருப்பாள். அந்த ஒரு நிமிடத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை. என் பிள்ளை அங்கே வாந்தி எடுத்துக்கொண்டிருந்த நேரம் அது.

அவள் போன் செய்யவில்லை. நானும் செய்யவில்லை. இப்போது பட்டாபிராம் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் இருக்கிறேன். ரயில் சத்தம் கேட்கும், ஏற வேண்டியதில்லை. கூடத்தில் இன்னும் பாக்கெட் அடைக்கும் ஒருத்தி ஆதார் நகல் எடுக்க வந்தபோதுதான் சேதி சொன்னாள். கோடியில் இருந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பது வெள்ளானூர்க்காரியாம். என் அட்டைக்கு நேர் கீழே.

நகலை எடுத்துக் கொடுத்தேன். அன்று சாயங்காலம் வரைக்கும் வந்தவர்களிடமெல்லாம் எரிந்து விழுந்தேன். கடைக்காரர் தலைவலியா என்று கேட்டார்.

போன மாதம் வில்லிவாக்கத்தில் ஒரு சொந்தக்காரரைப் பார்க்கப் போக வேண்டியிருந்தது. காலை ரயில், அதே பெண்கள் பெட்டி. ஜன்னலோரத்தில் அதே அம்மா. "எங்கமா ஆளயே காணோம்?" என்று கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். ஆவடியில் கூட்டம் ஏறியது. அதில் அவளும் ஏறினாள். கூட இன்னொருத்தி, புதிதாகச் சேர்ந்தவள் போலிருந்தது, முப்பது வயது இருக்கும். இருவரும் எனக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தார்கள். நடுவில் ஆட்கள் நின்றதால் அவள் என்னைப் பார்க்கவில்லை.

அவள் பையிலிருந்து ஒரு கைக்குட்டை முடிச்சை எடுத்து அவிழ்த்தாள். "கண்ண மூடு" என்றாள். புதியவள் மூடிக்கொண்டு கையை நீட்டினாள்.

"இது இன்னா?"

"அக்ரூட்டு."

"இல்ல. அவசரப்படாத. நல்லா தடவிப் பாரு. கோடு கீதா?"

என் வார்த்தைகள். ஒரு எழுத்து மாறாமல், நான் இழுக்கிற இடத்தில் இழுத்து. அதற்குள் அண்ணனூர் வந்து, நின்றவர்கள் விலக, நடுவில் வெளிச்சம் விழுந்தது. அவள் நிமிர்ந்தாள். என்னைப் பார்த்ததும் கைக்குட்டையின் நான்கு முனைகளையும் சேர்த்து மூடிக்கொண்டாள். நான் அவள் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவள்தான் எடுத்தாள்.

ஜன்னலோர அம்மா என் தோளை இடித்தார். "இன்னாமா, தங்கச்சி எதிர்க்க கீது, பேசாம குந்திகினு கீற? சண்டையா?"

"தங்கச்சி இல்லம்மா" என்றேன். அவளுக்கும் கேட்கும்படிதான் சொன்னேன். "பக்கத்து மேசை."

அவள் உதடு அசைந்தது. "அக்கா" என்றாள் என்று நினைக்கிறேன். ரயில் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை, நானும் திரும்பக் கேட்கவில்லை. நடந்தது எதுவும் தெரியாத புதியவள் இன்னும் கண்ணை இறுக மூடிக்கொண்டு, உள்ளங்கையில் ஒரே ஒரு துண்டோடு உட்கார்ந்திருந்தாள். "தொறக்கலாமாக்கா?" என்று கேட்டாள்.

நான் எழுந்து போய் அந்தப் பெண்ணின் விரல்களை மடக்கிவிட்டேன்.

"தொறந்துக்க. உன் கைல கீறது பெக்கன்" என்றேன். "சீக்கிரம் போவணும்னா சாரைக் கேட்டுட்டுப் போ. உன் சீட்டுக்கட்டை மட்டும் பக்கத்து மேசைல வெச்சிட்டுப் போவாத."

அவள் கண்ணைத் திறந்து என்னையும் வெள்ளானூர்க்காரியையும் மாறி மாறிப் பார்த்தாள். திருமுல்லைவாயல் வந்தது. எனக்கு இறங்க வேண்டிய ஸ்டேஷன் இன்னும் தூரம் இருந்தது, ஆனாலும் இறங்கி அடுத்த பெட்டியில் ஏறிக்கொண்டேன்.